ஆன்லைன் இன்டர்வியூ: திரைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில்

நன்றாகப் படித்த பிள்ளைகள் ஆன்லைன் இன்டர்வியூவில் தோற்றுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். பதில் தெரிந்திருக்கிறது, ஆனால் அது கேள்வி கேட்கும் எங்கள் பக்கம் வந்து சேருவதில்லை. நேரில் என்றால் கேள்வி கேட்டதும் அந்தப் பிள்ளை நெற்றியைச் சுருக்குவது தெரியும், பேப்பரில் ஏதோ கிறுக்குவது தெரியும். ஆள் யோசிக்கிறார், பொறுப்போம் என்று நாமும் காத்திருப்போம். திரையில் தெரிவது அசையாத ஒரு முகமும் சத்தமே இல்லாத பத்து பதினைந்து வினாடியும்தான். நெட் போய்விட்டதா, கேள்வி புரியவில்லையா, பதில் தெரியவில்லையா, பக்கத்தில் யாரிடமாவது கேட்கிறாரா என்று எதையும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. பேனலில் இருப்பவர் நல்லவராக இருந்தாலும், அடுத்தடுத்து ஆட்களைப் பார்த்துக் களைத்த சாயங்கால நேரத்தில் அந்த அமைதியைத் தெரியவில்லை என்றே குறித்துக்கொள்வார்.

நான் கோவில்பட்டியில் இருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். முன்பு சென்னையில் இருந்தேன். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். மறுபடி வேலை தேடியபோது கொரோனா காலம். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு கம்பெனிகள் எல்லாம் ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் என்று மாறிவிட்டிருந்தன. அதற்கு முன்னால் ஒரு டெக்னிக்கல் ரவுண்டுக்கு இங்கிருந்து பெங்களூரு போவதென்றால் ராத்திரி பஸ், பகலில் முகம் கழுவி உடை மாற்ற ஓர் இடம், பிள்ளையை யாரிடம் விடுவது என்று பெரிய ஏற்பாடே செய்ய வேண்டும். எத்தனையோ பெண்கள் அந்த ஏற்பாட்டை நினைத்தே விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார்கள். எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததே இன்டர்வியூ வீட்டுக்குள் வந்ததால்தான். இப்போது சில வருடங்களாக நானும் பேனலில் உட்காருகிறேன். சின்ன ஊர்களில் இருந்து வரும் பிள்ளைகள் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, யோசிப்பதை வாய்விட்டு யோசியுங்கள். நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி இது: "போனில் யுபிஐ ஆப் மூலம் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள், எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேரவில்லை. டெஸ்டராக எதையெல்லாம் பார்ப்பீர்கள்?" ஒரு பையன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டிரான்சாக்‌ஷன் ஸ்டேட்டஸ் செக் பண்ணுவேன்" என்று ஒரே வரியில் முடித்தான். அதற்கு முன்னால் அவன் மனதுக்குள் என்னென்ன ஓடியதோ, எனக்குத் தெரியாது. மதிப்பெண் போட என்னிடம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

அதே கேள்விக்கு ஒரு பெண், வேலை அனுபவம் இல்லாதவர், இப்படி ஆரம்பித்தார்: "முதல்ல இது தோல்வியா, இல்ல பெண்டிங்கான்னு பிரிச்சுக்கிறேன் மேடம். பெண்டிங்னா ஆப் என்ன மெசேஜ் காட்டுதுன்னு பார்க்கணும். ஏன்னா பயந்துபோய் மறுபடியும் அழுத்துவாங்க. அப்போ ரெண்டு தடவை பணம் போகுமான்னு சோதிக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்போ தோல்விங்கற பக்கத்துக்கு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்தார். பணம் திரும்புவதற்கு ரிசர்வ் வங்கி ஒரு கெடு வைத்திருப்பது ஞாபகம் இருக்கிறது, எத்தனை நாள் என்பது நினைவில்லை, விதியைப் பார்த்துவிட்டுத்தான் டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) எழுதுவேன் என்றார். அந்தக் கெடு 2019 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையில் இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் திரும்பிவிட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அது அவருக்குத் தெரியாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. எங்கே தெரியும், எங்கே தெரியாது, தெரியாததை எங்கே போய்ப் பார்ப்பார் என்று மூன்றும் எனக்குக் கேட்டது. நானும் நடுவில் ஒரு கேள்வி போட்டு அவரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகவைக்க முடிந்தது. வாய்விட்டு யோசிப்பவருக்குத்தான் நாங்கள் கைகொடுக்க முடியும்.

அமைதியாக யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "ஒரு நிமிஷம் யோசிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசித்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குனிந்து பேப்பரில் எழுதப் போகிறீர்கள் என்றால், எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குனியுங்கள். பதில் முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்பதும் எங்களுக்குத் தெரியாது. "இவ்வளவுதான் என் பதில்" என்று ஒரு வார்த்தை போதும்.

எங்கள் பக்கத்து அமைதிக்கும் காரணம் உண்டு. என் சித்தி மகன் ஒரு கம்பெனி இன்டர்வியூ முடித்துவிட்டு முகம் வாடிப்போய் வந்தான்.

"அக்கா, நான் பேசப் பேச அவங்க ஒண்ணுமே சொல்லலக்கா. 'ம்'னு கூட இல்ல. தப்பா சொல்லிட்டோம்னு நெனச்சு மாத்தி மாத்திப் பேசிட்டேன்."

"மியூட்ல இருந்திருப்பாங்கப்பா. கீபோர்டு சத்தம் உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு மியூட் போட்டுட்டுத்தான் நாங்க குறிப்பு எடுப்போம்."

அவனுக்கு அது புதுச் செய்தி. நிறைய பேருக்குப் புதுச் செய்திதான். எதிரில் தலையாட்டல் இல்லை, முகத்தில் மாற்றம் இல்லை என்பதை வைத்து உங்கள் பதிலை எடை போடாதீர்கள். நாங்கள் இன்னொரு திரையில் உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து வைத்திருப்போம், அதனால் பார்வை வேறு பக்கம் இருக்கும். சரியாகச் சொன்ன பதிலை அந்த அமைதியைப் பார்த்துத் திருத்த ஆரம்பிப்பதுதான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால், "இதுல இன்னும் விவரமா சொல்லணுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பேச்சு மோதிக்கொள்வது இன்னொரு தொல்லை. மனிதர்கள் எதிரெதிரே பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பல மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. போன் பேச்சு இயல்பாக இருக்க, குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நம் ஊர் வைஃபையில் சில நேரம் அதைத் தாண்டிவிடும். அப்போது அவர் முடித்துவிட்டார் என்று நாம் தொடங்குவோம், அவர் பாதி வாக்கியத்தில் இருப்பார். பிறகு "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஆகிவிடும். கேள்வி முடிந்தது என்று தோன்றிய பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். இங்கிலீஷில் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இது கூடுதல் நன்மை, முதல் வாக்கியத்தைக் கோத்துக்கொள்ள அந்த இரண்டு எண்ணிக்கை உதவும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் வேகமாகப் பேசினால்தான் நன்றாகப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். லைனில் வேகம்தான் முதலில் உடையும். சின்னச் சின்ன வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் பேசுபவரின் சாதாரண இங்கிலீஷ் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் குரல் ஒழுங்காகப் போக வேண்டும். படத்தைவிடக் குரலுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். படம் உறைந்து நின்றாலும் பேச்சு கேட்டால் இன்டர்வியூ நடக்கும். விலை உயர்ந்த ப்ளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறதே என்று நிறைய பேர் அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பாட்டுக் கேட்கும்போது அதில் தரம் நன்றாக இருக்கும். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பெரும்பாலானவற்றில் ப்ளூடூத் வேறு முறைக்கு மாறி, தரம் இறங்கிவிடும். சார்ஜ் தீரும் கவலை வேறு. வயர் வைத்த சாதாரண இயர்போனே எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. அதில் ஒன்று கவனிக்க வேண்டும், அதன் மைக் கழுத்துப் பக்கம் தொங்கும். துப்பட்டா, செயின், சட்டை பட்டன் எதில் உரசினாலும் எங்கள் காதில் கரகரவென்று விழும், பேசுபவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு சின்னக் கிளிப் போட்டு உரசாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் காற்று மைக்கில் அடிக்கும். வேர்க்குமே என்றால் டேபிள் ஃபேனைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம் 2 மணிக்கோ, அதற்குப் பிறகோதான் வரும். எந்தெந்தப் பகுதி என்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். இன்னொன்று, நாள்காட்டி. முகூர்த்த நாளில் பக்கத்துத் தெருவில் மண்டபம் இருந்தாலும், ஊரில் கோயில் கொடை நடந்தாலும் மைக்செட் சத்தத்தை எந்த ஆப்பும் முழுதாக வடிகட்டாது. வேறு நேரம் கேட்டால் ஹெச்.ஆர். கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். "அன்று எங்கள் பகுதியில் அறிவிக்கப்பட்ட மின்தடை, மறுநாள் காலை சாத்தியமா?" என்று கேட்டு மெயில் அனுப்புபவரை முன்யோசனை உள்ளவர் என்றுதான் நினைப்போம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ரவுட்டர் மாட்டியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் லைட், ஃபேன் மட்டும்தான் அந்த லைனில் வரும். மெயினை ஒரு தடவை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது, வாங்க முடிந்தால் நல்லது. அப்புறம் வேகம். ஒருவரோடு ஒருவர் பேசும் வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிட் போதும், 720 பி என்ற தெளிவான படத் தரத்துக்கு 1.2 மெகாபிட் வேண்டும் என்கிறது ஜூம். நம் வீட்டு இணைப்பு அதைவிடப் பல மடங்கு. சிக்கல் வருவது ரவுட்டர் முன்னறையில் இருக்க, நாம் சத்தத்துக்குப் பயந்து பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்போது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டிவிடும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் அதில் அதிகம். நீளமான லேன் வயர் ஒன்று வாங்கி நேரடியாக லேப்டாப்பில் செருகிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. மாற்று ஏற்பாடாகப் போன் ஹாட்ஸ்பாட்டையும் முந்தின நாளே லேப்டாப்பில் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

லைன் போகத்தான் போகும் என்று வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம் சொன்ன கையோடு, "லைன் கட்டானா ரெண்டு நிமிஷத்துல போன் மூலமா திரும்ப வந்துடுவேன், என் நம்பர் ரெஸ்யூமேல இருக்கு" என்று சொன்ன ஒரு பையனுக்கு நடுவில் உண்மையிலேயே கட்டானது. நாங்கள் பதற்றமில்லாமல் காத்திருந்தோம். திரும்பி வந்தவன் நீண்ட மன்னிப்புப் படலம் எதுவும் இல்லாமல், "ரிக்ரஷன் பத்திச் சொல்லிட்டு இருந்தேன்" என்று, புது மாற்றம் பழையதைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை விட்ட இடத்தில் பிடித்தான். அன்றைக்குப் பார்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவன்தான்.

வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகள் நிறைய. அத்தை, மாமா, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாளே சொல்லி வையுங்கள், குக்கர் எப்போது, மிக்ஸி எப்போது என்பது வரை. என் அத்தை நான் இன்டர்வியூ கொடுத்த நாட்களில் சட்னியைக் காலையிலேயே அரைத்து வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். அவர் இல்லாமல் எனக்கு அந்த வேலை இல்லை. வீடு ஒத்துவராது என்றால் நண்பர் வீடு, படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறை என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி கட்டணம் குறைந்த பகிர்ந்த பணியிடங்கள் இருக்கின்றன. நூலகம் வேண்டாம், அங்கே வாய்விட்டுப் பேச முடியாது.

கேமராவுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஜன்னல் முகத்துக்கு எதிரில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். லேப்டாப்பை நாலு கனமான புத்தகத்தின் மேல் வைத்தால் கேமரா கண் மட்டத்துக்கு வரும். திரையில் எதிரில் பேசுபவர் தெரியும் கட்டத்தைச் சின்னதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே நகர்த்திக்கொண்டால் அவரைப் பார்த்தாலே கேமராவைப் பார்த்ததாகிவிடும். உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள், ஜூமிலும் மீட்டிலும் அதற்கு வசதி உண்டு. எப்போதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருப்பது மனதைக் களைப்பாக்கும் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். முடி சரியாக இருக்கிறதா என்ற கவலை போனாலே பாதிப் பதற்றம் போய்விடும். திரையில் தெரியும் பெயர் அப்பாவின் பெயராகவோ போன் மாடலாகவோ இல்லாமல் உங்கள் பெயராக இருக்கட்டும்.

ஸ்கிரீன் ஷேர் கேட்பார்கள், கட்டாயம் ஒத்திகை பாருங்கள். மேக் கம்ப்யூட்டரில் முதல் முறை அனுமதி கொடுத்த பிறகு ஆப்பை மூடித் திறக்க வேண்டியிருக்கும். அது தெரியாமல் நடு இன்டர்வியூவில் வெளியே போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முழுத் திரையையும் கேட்காதவரை தேவையான ஆப்பின் விண்டோவை மட்டும் பகிருங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். பகிர்ந்த பிறகு, "இப்போ என் கோட் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

அடுத்தது ஏஐ. கேள்வியைக் கேட்டுத் திரையிலேயே பதில் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. ஆசை வரும், புரிகிறது. ஆனால் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் தெரியும். எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் ஒரே அளவு இடைவெளி, கண் இடமிருந்து வலமாக ஓடும், பதில் அச்சடித்த மாதிரி வரும். "இதை உங்க புராஜெக்டில் எங்கே செஞ்சீங்க, அப்போ என்ன தப்பாச்சு?" என்று ஒரு படி இறங்கிக் கேட்டால் நின்றுவிடும். இந்த ஏமாற்று அதிகமானதால்தான் குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் வைக்கப்போவதாக கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை 2025 ஜூனில் சொன்னார். ஒவ்வொரு கம்பெனியும் அந்த வழியில் போனால் பாதிக்கப்படுவது ராத்திரி பஸ் ஏற முடியாத கைக்குழந்தைக்காரிகளும், டிக்கெட்டுக்குக் காசில்லாத பிள்ளைகளும்தான். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. குறிப்பு வைத்துக்கொள்வது வேறு. உங்கள் புராஜெக்ட் பெயர்கள், எண்கள், கேட்க நினைக்கும் கேள்விகள் என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டே பார்க்கலாம்.

சில கம்பெனிகள் எதிரில் ஆளே இல்லாமல், கேள்வி திரையில் வர, நாம் பேசிப் பதிவு செய்யும் முறையை வைக்கின்றன. தலையாட்ட யாரும் இல்லாததால் பேச்சு வறண்டுவிடும். போன் கேமராவில் நீங்களே பதிவு செய்து பார்த்துப் பழகுங்கள், கேமராவுக்குப் பின்னால் தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால் குரல் இயல்பாக வரும்.

இன்டர்வியூ ஆன்லைனுக்கு வந்ததால் மோசடியும் கூடவே வந்துவிட்டது. டெலிகிராமில் மட்டும் பேசி, அரைமணி நேரத்தில் வேலை உறுதி என்று சொல்லி, லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெயில் கம்பெனியின் சொந்த முகவரியில் இருந்து வருகிறதா, அந்த வேலை அவர்களுடைய தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது.

இன்டர்வியூ முடிந்து திரையை மூடியதும் எழுந்து போகாதீர்கள். கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதுங்கள், ஒரு மணி நேரம் கழித்தால் பாதி மறந்துபோகும். சித்தி மகனும் நானும் அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் அடுத்த இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்த்தோம். அவன் மாடியறையில், நான் கீழே, இரண்டு பேரும் கூகுள் மீட்டில். நான் வேண்டுமென்றே மியூட் போட்டு முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன், அவன் பேச வேண்டும். முதலில் தடுமாறினான், பிறகு பழகிவிட்டது. அடுத்த கம்பெனியில் தேர்வானான். இன்டர்வியூ நடந்த அன்று சாயங்காலமே ஹெச்.ஆருக்கு இரண்டு வரியில் நன்றி மெயிலும், சரியாகச் சொல்லாமல் விட்ட ஒரு பதில் இருந்தால் அதைப் பற்றி ஒரு வரியும் அனுப்புங்கள். ஒரு வாரமாகியும் தகவல் இல்லை என்றால் நிலவரம் கேட்டு இன்னொரு மெயில் போடலாம், அதற்குள் அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.